பிஸ்மார்க் வைத்த ஓய்வு வயது 65 இல்லை, 70

கணக்குப்பிள்ளை: நேற்று ஒருவர் எழுதியிருக்கிறார்: "1889-ல் ஜெர்மனியின் சான்சலர் பிஸ்மார்க் 65 வயதில் ஓய்வூதியம் என்று சட்டம் போட்டபோது ஜனங்கள் 45-ல் செத்துக்கொண்டிருந்தார்கள். இன்று 85 வரை இருக்கிறார்கள், பாரம் இளைஞர்கள் தலையில்." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பிஸ்மார்க் வைத்தது 70. அது 65 ஆனது 1916-ல். மனிதர் 1898-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

நேர்கோடு: எழுதியது நான்தான், "ஒருவர்" எல்லாம் வேண்டாம். 65-ஓ 70-ஓ, என்ன வந்துவிட்டது? ஜப்பானில் பத்துக்கு ஏறக்குறைய மூன்று பேர் 65 தாண்டியவர்கள். தென்கொரியாவில் 2023-ல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.72 குழந்தை. நாளைக்கு வரி கட்டப்போவது யார்?

கணக்குப்பிள்ளை: என்ன வந்துவிட்டதா? ஐந்து வருட ஓய்வூதியம் வந்துவிட்டது. 70 சார், 70. அப்புறம் அந்த 45. பச்சைக் குழந்தைகள் ஏராளமாக இறந்த காலம், சராசரி அதனால் கீழே போனது. பிழைத்து வளர்ந்தவர்கள் 45 ஆனதும் வரிசையாக விழுந்து சாகவில்லை. சராசரி தெரியாதவர்கள் பொருளாதாரம் பேச வந்துவிடுகிறார்கள்.

வெண்தாடி: எனக்கு அந்த "பாரம்"தான் சுடுகிறது. வேலை பார்த்த காலமெல்லாம் சம்பளத்தில் பிடித்தார்கள். என் பணம் அது.

நேர்கோடு: ஐயா, பல நாடுகளில் பிடித்த பணம் அப்போதிருந்த முதியவர்களுக்கே போய்விட்டது. இப்போது தருவது இன்றைக்கு உழைப்பவர்கள்.

வெண்தாடி: அப்போது நாங்கள் யாரையும் பாரம் என்று சொல்லவில்லையே, தம்பி.

மழைத்துளி: பிரான்சில் 2023-ல் 62-ஐ 64 ஆக்கியதற்கே தெருவெல்லாம் போராட்டம். டென்மார்க் 2040-ல் 70 என்று சட்டமே போட்டுவிட்டது. நாற்காலி வேலைக்காரர் தாங்குவார், மூட்டை தூக்குகிறவர்? வீட்டுப் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள வேலையை விடுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். அதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

கணக்குப்பிள்ளை: பார்த்தீர்களா, டென்மார்க்கும் 70! பிஸ்மார்க் அன்றைக்கே 70. சட்டம் வந்தபோது அவருக்கே வயது 74.

மழைத்துளி: நான் கேட்டது பெண்களைப் பற்றி.

நேர்கோடு: விடுங்கள், அவருக்கு எண் கிடைத்தால் போதும். போன மாதம் சீனாவின் ஒரு குழந்தைக் கொள்கை பற்றிப் பேசினோம். அதிலும் 1979-ஆ 1980-ஆ என்று இழையையே கொன்றார்.

கணக்குப்பிள்ளை: 1980. கட்சி பகிரங்கக் கடிதம் விட்டது அந்த ஆண்டு செப்டம்பரில். 1979 என்று அடித்துச் சொன்னவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

வெண்தாடி: நீங்கள் இருவரும் ஓய்வு பெற்றபின் என்ன செய்வீர்கள் என்று நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

நேர்கோடு: ஐயா, எங்கள் முறை வரும்போது கஜானாவில் ஏதாவது மிச்சம் இருந்தால் பேசிக்கொள்ளலாம்.

கணக்குப்பிள்ளை: பேச்சை மாற்ற வேண்டாம். 65 என்பதைத் திருத்துங்கள்.