வெள்ளத்தில் அழுகிய தூண் கள்ளியில் மிஞ்சிய ஒரு முழம்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் தட்டட்டியில், அதாவது மொட்டைமாடியில், ஆளுயரத்துக்கு ஒரு தூண் கள்ளி நின்றது. செரியஸ் வகை, தென்னமெரிக்காச் செடி. ஆச்சிக்கு அது ஆகாது. "வேலிக்கு நடுத சதுரக்கள்ளிய எவனாவது காசு குடுத்து வாங்குவானால?" என்பாள். அது வேறு, இது வேறு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! சதுரக்கள்ளியைக் கீறினால் பால் வடியும், கண்ணில் பட்டால் ஆபத்து. இதில் வழவழவென்று தண்ணீர்ச் சாறுதான். முள்ளும் பஞ்சு ஒட்டிய ஒரு புள்ளியிலிருந்து கொத்தாகக் கிளம்பும்.

2023 டிசம்பரில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழை. தாமிரபரணி ஊருக்குள் வந்த நேரத்தில் கள்ளியை யார் நினைப்பது? தொட்டி ஓட்டையை வேர் அடைத்திருந்தது எனக்குத் தெரியாது. பத்து நாளில் அடித்தண்டு கறுத்து, அழுத்தினால் வெந்த கத்தரிக்காய் மாதிரி விரல் உள்ளே போனது.

தண்டில் சாக்கைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு கீழிருந்து வில்லை வில்லையாக நறுக்கினேன். சதை நன்றாகத் தெரிந்தாலும் நடுவில் பழுப்பு வளையம் இருந்துகொண்டே வந்தது. அது இருக்கும்வரை அழுகலும் இருக்கிறது என்று அர்த்தம். வளையம் சுத்தமாக மறைந்தபோது மிச்சம் ஒரு முழம். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைச் சானிடைசரால் துடைத்தேன். கடைசியாக வெட்டின ஓரத்தைப் பென்சில் சீவுவது போலச் சரித்துவிட்டேன். காயும்போது நடுச்சதை உள்வாங்குமாம், வேர் கீழ்நோக்கி இறங்க இது வசதி.

தார்சா என்கிற முன்கூடத்து மூலையில், காலி வாளிக்குள் நிமிர்த்தி வைத்தேன். படுக்கப் போட்டால் வெளிச்சத்தைப் பார்த்து வளைந்துவிடும். மூன்று வாரத்தில் வெட்டுவாய் செருப்புத் தோல் போல இறுகியது. பிறகுதான் பாதி ஆற்று மணல், மீதி செம்மண்ணும் செங்கல் உடைசலும் கலந்து நட்டேன். தண்ணீர் சொட்டுக்கூட விடவில்லை. முன்பு ஒரு துண்டை நட்ட அன்றே தண்ணீர் ஊற்றிக் கொன்றவன் நான்! ஒரு மாதம் கழித்து லேசாக அசைத்தேன், விடவில்லை. சரி, வேர் பிடித்துவிட்டது. அப்புறம் சித்திரை வெயிலில் சட்டென்று கொண்டு வைத்து மேற்குப் பக்கத்தைக் கருக்கினேன். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

— தென்காசியிலிருந்து ஒரு பதில்:
எங்களுக்கு ஆனி, ஆடிச் சாரல்தான் எதிரி. அதனால் பங்குனியிலேயே வெட்டிவிடுவேன். அடிக்கட்டை நல்லபடியாக இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். என்னுடையது வெட்டுக்குக் கீழே மூன்று கிளை விட்டது. மாவுப்பூச்சி மட்டும் முள் இடுக்கில் ஒளிந்துகொள்ளும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்கிறேன்.

— திசையன்விளையிலிருந்து இன்னொரு பதில்:
எங்கள் தேரிச் செம்மணலில் தரையிலேயே நட்டிருக்கிறேன், வஞ்சனையில்லாமல் வளர்கிறது. கையகலத்துக்கு வெள்ளைப் பூ, இருட்டின பிறகு விரியும். காலையில் காபி குடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால் தொங்கிப்போயிருக்கும். காய்தான் பிடிக்கவில்லை. இரண்டு செடி இருந்தும் இரண்டும் ஒரே தாயின் துண்டு, அதனால் ஒன்றின் மகரந்தம் மற்றதற்கு ஒத்துவரவில்லை போல. பாளையங்கோட்டை அண்ணாச்சி, உங்கள் துண்டு கிளை விட்டால் ஒரு சாண் எனக்கு. பதிலுக்குக் கருப்பட்டி தருகிறேன், ஆச்சியிடம் சொல்லுங்கள்.