ஆகஸ்ட் விடுமுறையில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பத்து நாள் முகாம்: மழைக்குள் என்ன செய்யலாம், கூத்தை மாசிக்கு வெளியே பழக்கலாமா?

மஸ்கெலியா வாசகசாலை (கேள்வி)

வணக்கம். இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து சிறிய வாசகசாலை ஒன்றை நடத்தி வருகிறோம். வரும் ஆகஸ்ட் விடுமுறையில், 9 முதல் 15 வயது வரையான ஏறத்தாழ 35 பிள்ளைகளுக்குக் கலை, இயற்கை, ஊர்ப்பணி ஆகிய மூன்றையும் கலந்து பத்து நாள் முகாம் நடத்த எண்ணியிருக்கிறோம். எங்களிடம் இருப்பவை கோயில் மண்டபம், முன்பள்ளிக் கட்டடத்தில் ஓர் அறை, ஊரார் சேர்த்துத் தந்த சிறு தொகை ஆகியவை மட்டுமே.

சென்ற ஆண்டு ஏப்ரலில் இதை ஒருமுறை செய்து பார்த்தோம். இணையத்தில் கிடைத்த ஒரு கோடை முகாம் அட்டவணையை அப்படியே எடுத்துக்கொண்டு, காலையில் காகிதக் கைவேலை, பிற்பகலில் மலையேற்றம் என்று வகுத்தோம். மூன்றாம் நாள் பிற்பகல் 2 மணிக்கு மேல் இடி இறங்கத் தொடங்கியபோது, 22 பிள்ளைகள் சவுக்கு மரங்கள் நின்ற மேட்டில் இருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் நேரவில்லை. ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இம்முறை மூன்று விடயங்களில் ஆலோசனை வேண்டும். ஆகஸ்டில் எங்கள் பக்கம் விடாமல் பெய்யும் மழைக்குள் இயற்கையைப் பற்றி எதைச் சொல்லிக்கொடுப்பது? இரண்டாவது, எங்கள் தோட்டத்தில், காமன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்து நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் காமனின் மனைவி ரதியாக வேடம் கட்டிய பெரியவர் ஒருவர் இன்னும் இருக்கிறார், பாடல்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். அவரைக் கொண்டு பிள்ளைகளுக்குப் பழக்கலாம் என்றபோது, மாசியில் ஊன்ற வேண்டியதை ஆகஸ்டில் தொடுவதா என்று கோயில் கமிட்டியில் இருவர் முகம் சுளித்தார்கள். மூன்றாவது, ஊர்ப்பணி என்றால் குப்பை பொறுக்குவதைத் தவிர எங்களுக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

பண்டாரவளை, ஓய்வுபெற்ற ஆசிரியர்

தம்பி, அந்த அட்டவணை எந்த நாட்டுக் கோடைக்கு எழுதப்பட்டதோ தெரியாது. நம் மலைக்கு எழுதப்பட்டதல்ல. நுவரெலியாவில் ஏப்ரலை வசந்தகாலம் என்று கொண்டாடி, மலர்க் கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் வைக்கிறார்கள் என்றால், அது கொழும்பின் வெக்கையிலிருந்து ஏறி வருபவர்களுக்கான பருவம். ஏப்ரல் இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட மாதம் என்பதால், காலையில் கண்ணாடி போல் இருக்கும் வானம் பிற்பகலில் இடியும் மின்னலுமாக மாறுவது வழக்கம். ஏப்ரலில் வெளிவேலை எதுவானாலும் நண்பகலுக்குள் முடித்துவிட வேண்டும்.

ஆகஸ்டின் கதை வேறு. தென்மேற்குப் பருவக்காற்று உங்கள் பக்கத்துச் சரிவுகளில் மோதி ஏறும்போது நீரையெல்லாம் அங்கேயே இறக்கிவிட்டு, மலைமுகட்டைத் தாண்டி எங்கள் ஊவாப் பக்கம் வறண்ட காற்றாகத்தான் இறங்குகிறது. மஸ்கெலியாவில் மழைக்குப் போர்த்தும் கொங்காணியை இறக்கி வைக்க முடியாத அதே நாளில், வெலிமடையில் மரக்கறித் தோட்டத்துக்கு வாளியில் தண்ணீர் சுமப்பார்கள். ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு வரும் தனி மணத்துக்கும் இந்த வறண்ட காற்றே காரணம். பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய இயற்கைப் பாடம் வேண்டுமா?

ஒரு வேலை சொல்கிறேன். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலின் கழுத்தை வெட்டி, அதைத் தலைகீழாக உள்ளே செருகி மழைமானி செய்யுங்கள். போத்தலின் அடி மேடுபள்ளமாக இருப்பதால் முதலில் சிறு கற்களைப் போட்டு, அவை மூழ்கும் வரை நீர் ஊற்றி, அந்த மட்டத்தில் சுழியக் கோடு இட வேண்டும். இதைச் செய்யாமல் அளந்தால் கணக்கு முழுவதும் பிழைக்கும். அதற்கு மேல் போத்தல் நேர்சுவராக உள்ள பகுதியில் அடிமட்டத்தை ஒட்டி, தினமும் காலை 8 மணிக்கு அளந்து மண்டபச் சுவரில் எழுதட்டும். அதே நேரத்தில் என் வீட்டு முற்றத்து அளவை நானும் அனுப்புகிறேன். பத்தாம் நாள் இரண்டு வரைபுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என்னுடையது பெரும்பாலும் வெறும் கோடாகத்தான் இருக்கும்.

கூத்து வாத்தியார் மகன், தலவாக்கலை

இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். என் தகப்பனார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கூத்துப் பழக்கியவர்.

உங்கள் கமிட்டிக்காரர்கள் சொல்வதைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். காமன் கூத்து வெறும் நாடகமன்று. மாசி அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையில் காமன் ஊன்றி, காப்புக் கட்டி, விரதமிருந்து, முழுநிலவையொட்டிக் காமனை எரிக்கும் வரை அது நோன்பு. ஆகவே ஊன்றுவதையும், காப்புக் கட்டுவதையும், எரிப்பதையும் ஆகஸ்டில் தொடாதீர்கள். ஆனால் பாட்டும் அடவும் தாளமும் நோன்புக்குள் அடங்கியவை அல்ல. மாசிக்கு முன்பே வாத்தியார்மார் ஆட்களைக் கூட்டி ஒத்திகை பார்க்காமலா கூத்து மேடையேறியது? கமிட்டியிடம் 'கூத்துப் போடுகிறோம்' என்று கேட்காமல், 'மாசிக்குப் பாட்டுப் பழகுகிறோம்' என்று கேட்டுப் பாருங்கள். அது பொய்யுமல்ல, மாசியில் அந்தப் பிள்ளைகளையே கோயிலுக்கு அனுப்பும் எண்ணமும் உங்களுக்கு இருக்க வேண்டும்.

பெரியவரிடமிருந்து முதலில் லாவணியை வாங்குங்கள். காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும், எரியவில்லை என்று மறுகட்சியும் பாட்டிலேயே வாதிடும் பகுதி அது. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. மூன்றாம் நாளே தாங்களாக வரி கட்டத் தொடங்கிவிடுவார்கள். ரதியின் புலம்பலைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பெரியவரே பாடட்டும், பிள்ளைகள் கேட்கட்டும். அருச்சுனன் தவம் செய்யும் கதையான அருச்சுனன் தபசுக் கூத்தையும் யாராவது கேட்பார்கள். தபசு மரத்தில் ஏறும் காட்சி மட்டும் முகாமுக்கு வேண்டாம்.

கூத்துக்கு அடிக்கும் தப்பு என்ற தோற்பறையைப் பற்றி இரண்டு சொல்ல வேண்டும். மழைக்கால ஈரத்தில் தோல் தளர்ந்து, அடித்தால் ஈரச் சாக்கில் தட்டியது போல் 'பொத்' என்று விழும். சருகைக் கொளுத்தி, தோலை நெருப்புக்கு மேலே சுற்றிச் சுற்றிக் காட்டி, விரல் நுனியால் சுண்டிப் பார்த்து, குரல் கணீரென்று திறந்த பிறகே அடிக்க முடியும். உங்கள் பக்கத்து ஆகஸ்டில் அரை மணிக்கு ஒருமுறை காய்ச்ச வேண்டி வரும். அந்தக் காய்ச்சலைப் பிள்ளைகள் கையாலேயே, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கச் செய்யுங்கள். இடக்கைக்கு மெல்லிய நீண்ட மூங்கிற்குச்சி, வலக்கைக்குக் குட்டையான தடித்த குச்சி.

இரண்டாவது, சொல்லக் கூச்சமான விடயம். 'என் பிள்ளை தப்படிக்கப் போவதா' என்று சில பெற்றோர் பிள்ளைகளைத் திருப்பி அழைத்துக்கொள்வார்கள். எனக்கு இது நேர்ந்திருக்கிறது. அது சாதியின் பேச்சு, கலையின் பேச்சன்று. தப்பை ஒரு வீட்டுப் பிள்ளைகளின் கையில் மட்டும் கொடுக்காமல் எல்லாருக்கும் முறைவைத்துக் கொடுங்கள். விடியலில் ஆட்களை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்கு அழைத்ததும் இந்தத் தப்புத்தான் என்பதைப் பெரியவரின் வாயாலேயே சொல்ல வையுங்கள். ஒரு காலத்தில் தோட்டம் முழுவதும் அந்த அடிக்குத்தான் எழுந்தது.

மஸ்கெலியா வாசகசாலை

இருவருக்கும் மிக்க நன்றி. 'பாட்டுப் பழகுகிறோம்' என்று நேற்றே கேட்டோம்; ஒருவர் சம்மதித்துவிட்டார், மற்றவர் பெரியவர் வந்து பேசட்டும் என்கிறார். மழைமானிக்குப் போத்தல் சேர்க்கத் தொடங்கிவிட்டோம். இன்னுமொரு சிக்கல்: கையிலுள்ள பணம் ஒரேயொரு பஸ் பயணத்துக்குத்தான் போதும். பிள்ளைகள் ஒருமனதாக, பாதாளம் தெரியும் 'உலக முடிவு' மலைவிளிம்புதான் வேண்டும் என்று நிற்கிறார்கள். ஹோட்டன் சமவெளிக்கு அழைத்துச் செல்லலாமா?

நுவரெலியா, பறவை பார்ப்பவர்

பிள்ளைகளின் ஆசை புரிகிறது. ஆனாலும் ஆகஸ்டில் வேண்டாம் என்பதே என் கருத்து. விடியற்காலையில் போய்ச் சேராவிட்டால் உலக முடிவில் வெள்ளைத் திரையைத்தான் பார்ப்பீர்கள். அந்த மாதத்தில் விடியற்காலையிலேயே திரை விழுந்திருப்பதும் உண்டு. 2,100 மீற்றருக்கு மேல் நனைந்த உடையுடன் காற்றில் நிற்கும் ஒன்பது வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். பயணம் ஒன்றுதான் என்றால் அக்கலைத் தாவரவியற் பூங்காவுக்கு வாருங்கள். 1861இல், காய்ச்சல் மருந்து தரும் சிங்கோனா மரம் பயிரிடுவதற்காகத் தொடங்கிய இடம் அது. மழை கனத்தால் ஒதுங்கவும் முடியும். நேரம் மிஞ்சினால் நுவரெலியா நகருக்குள்ளேயே இருக்கும் கல்வேஸ் தேசிய பூங்காவில் ஒரு சுற்று நடக்கலாம். 30 ஹெக்டேயருக்கும் குறைவான காடுதான். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் பறவைகள் ஆகஸ்டில் இராது. ஆனால் காதருகே மஞ்சட்கீற்றுள்ள கொண்டைக்குருவியும், இலங்கை வெள்ளைக்கண்ணியும் ஆண்டு முழுவதும் நம்முடனே இருப்பவை. இரண்டும் உலகில் வேறெங்கும் இல்லாதவை.

மற்ற ஒன்பது நாட்களுக்கும் பஸ் தேவையில்லை. சிவனொளிபாதமலைக் காடு உங்கள் கொல்லைப்புறத்தில் இருக்கிறது; ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் ஆகியவற்றுடன் சேர்த்து 2010இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக அறிவித்தது. உரிய அனுமதியில்லாமல் காட்டுக்குள் போக வேண்டாம், தோட்டத்தின் மேல் எல்லையில் நின்று பார்த்தாலே போதும். கிளை கத்தரிக்காமல், அதாவது கவ்வாத்து வெட்டாமல் விட்ட தேயிலை மரம் ஒன்று எங்காவது நிற்கும். இடுப்பளவுச் செடியாகவே தேயிலையை அறிந்த பிள்ளைகள், அதே தேயிலை வீட்டுக் கூரைக்கு மேலே வளர்ந்து பூத்துக் காய்த்து நிற்பதைக் கண்டால் வாயடைத்துப் போவார்கள். அட்டைக்கடிக்குச் சவர்க்காரமும் உப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். அது பெரிய தொல்லையன்று.

குளவிதான் ஆபத்து. நடைபோகும் பாதையை முந்திய நாளே கொழுந்தெடுக்கும் பெண்களிடம் சொல்லி, எந்த மலையில் கூடு இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களைவிட யாருக்கும் அது தெரியாது. மேலே கூத்து வாத்தியார் மகன் சொன்ன தப்புக் காய்ச்சலை மண்டபத்து முற்றத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். புகையையும் அதிர்வையும் தேயிலை மலைப் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

வரைவதற்கும் ஒன்று சொல்கிறேன். மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் பழைய மஸ்கெலியா நகரம் இருக்கிறது. கடும் வறட்சியில் நீர் இறங்கும்போது பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் தலைகாட்டும். ஆகஸ்டில் நிறைந்த நீரைத்தான் பிள்ளைகள் காண்பார்கள். அந்த நகரில் கடைவீதி எங்கே, கோயில் எங்கே என்று நினைவிருக்கும் முதியவர்களை உட்கார வைத்து, அவர்கள் சொல்லச் சொல்லப் பெரிய தாளில் நகரத்தை வரையட்டும். தாத்தா ஒருவர் சொல்லும் தெரு, பாட்டி ஒருவர் சொல்லும் தெருவோடு பொருந்தாது. அந்தச் சண்டையையும் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

மஸ்கெலியா, இரு பிள்ளைகளின் தாய்

நானும் உங்கள் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவள்தான். நிகழ்ச்சி நிரல் நன்றாக இருக்கிறது. ஆனால் யார் வருவார்கள் என்பதை ஒருவரும் எழுதவில்லை. விடுமுறை நாளில் நாங்கள் மலைக்குப் போனால், பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளைதான் வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறாள். '9 வயதுக்கு மேல் மட்டும்' என்று எழுதி ஒட்டினால், அவள் வரமாட்டாள், ஆண்பிள்ளைகள்தான் வருவார்கள். முன்பள்ளி அறையைச் சின்னவர்களுக்கு ஒதுக்கி, அவர்களையும் அழைத்து வரலாம் என்று சொல்லுங்கள். நிறைவு நாளை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். வேலை நாளில் வைத்தால் பாதியில் இறங்கி வருகிறவளுக்கு அரைப் பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான் விழும்.

ஊர்ப்பணிக்கு என் யோசனை இது. வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் கொங்காணி, இடுப்பில் கட்டும் படங்கு, கவ்வாத்துக் கத்தி, பழைய கூடை எல்லாம் மூலையில் கிடக்கின்றன. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவந்து, அது யாருடையது, எதற்குப் பயன்பட்டது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி, மண்டபத்தில் வைக்கட்டும். இலங்கையும் இந்தியாவும் 1964ஆம் ஆண்டு செய்த ஒப்பந்தத்தில் நம் மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென எழுதிக்கொண்டார்கள். அந்தக் கணக்கில் போனவர்களில் என் மாமியாரின் தம்பியும் ஒருவர். தலைமன்னாரில் கப்பலேறப் புறப்பட்ட அன்று, அங்கே இது எதற்கு என்று தன் கவ்வாத்துக் கத்தியை வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பில் வைத்துவிட்டுப் போனாராம். பிடி மட்டும் மாற்றியிருக்கிறோம், கத்தி அதுதான். நிறைவு நாளுக்கு வேண்டுமென்றால் தருகிறேன். சாணை பிடித்து வைத்திருப்பதால், சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள்.