வட ஒன்ராறியோவில் கருங்கரடி வேட்டைக் கிழமை: போகுமுன் தெரிந்திருக்க வேண்டியவை

கேள்விகளுக்குப் பதிலாகச் சிலர் மாறிமாறி எழுதிய குறிப்புகள் இவை. வழிகாட்டியோடு கரடி வேட்டைக்கு முதல்தரம் போகிறவர்கள் எந்தத் துவக்கு என்றுதான் கேட்பார்கள். எந்தக் கிழமை என்று கேட்பது அதைவிட நல்லது. இளவேனில் பருவம் மே 1 முதல் யூன் 15 வரை. 1999இல் மாகாண அரசு நிறுத்தி, 2014இல் எட்டுப் பகுதிகளில் மட்டும் பரீட்சார்த்தமாகத் திறந்து, 2021இலிருந்து நிரந்தரமாக்கிய பருவம் இது. மே முதல் பாதியில் தோல் அருமையாக இருக்கும். ஆனால் அப்போதுதான் குளிர்தூக்கம் கலைந்து வந்த கரடி புல்லும் அரும்பும் மேய்ந்து திரியும். கரடியை வரவழைக்கச் சாப்பாடு வைக்கும் இரையிடத்துக்கு ஒழுங்காக வராது. மே கடைசியில் இணைசேரும் காலம் தொடங்கியதும் பெரிய ஆண் கரடிகள் பெண் கரடிகளைத் தேடி அலையும். யூன் நடுப்பகுதியில் மரத்தில் உரசி உரசித் தோலில் வழுக்கை விழுந்துவிடும். தோலா, பெரிய கரடியா என்று முடிவெடுத்துவிட்டு முற்பணம் கட்டுங்கள். இரண்டும் ஓரளவு வேண்டுமென்றால் மே கடைசிக் கிழமை. இலையான் கடியும் அப்போதுதான் உச்சம், அதையும் கணக்கில் எடுங்கள்.

இலையுதிர்காலப் பருவத்தைக் காட்டுப்பழம்தான் தீர்மானிக்கும். புளூபெரி நன்றாகக் காய்த்த வருஷம் இரையிடத்துப் பீப்பாயை ஒரு கரடியும் எட்டிப் பார்க்காது.

* * *

இரையிடம் எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தார்கள். 205 லீற்றர் இரும்புப் பீப்பாயைச் சங்கிலியால் மரத்தோடு கட்டி, பக்கவாட்டில் 15 முதல் 20 செ.மீ. துளை வெட்டியிருப்பார்கள். உள்ளே ஓட்ஸ், பழைய பாண், டோனட், பொப்கோர்ன், மொலாசஸ். கடைகளில் பொரித்து மிஞ்சிய எண்ணெயை நிலத்தில் ஊற்றுவது சும்மா இல்லை. கரடி அதில் மிதித்துவிட்டுப் போகிற வழியெல்லாம் வாடையைப் பரப்பும். அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு மற்றக் கரடிகள் வரும். பீப்பாய்க்கு இரண்டு பக்கமும் மரக்குற்றிகளை அடுக்குவது, சாப்பிடும்போது கரடி, வேட்டைக்காரர் மரத்தில் காத்திருக்கும் பரணுக்குப் பக்கவாட்டாக நிற்க வேண்டும் என்பதற்காக.

சொக்லேட் மட்டும் கூடவே கூடாது. அதிலுள்ள தியோபுரோமின் கரடிக்கு நஞ்சு. 2014இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயரில் ஒரே இரையிடத்தில் நான்கு கரடிகள் அதனால் செத்தன.

பரணுக்கும் பீப்பாய்க்கும் இடையில் வில்லுக்கு 15–20 மீற்றர், துவக்குக்கு 60–90 மீற்றர். பரண் உயரம் 4–5 மீற்றர் போதும். உயரம் கூடினால் அம்பு செங்குத்தாக இறங்கி ஒரு நுரையீரலை மட்டும்தான் துளைக்கும். ஒற்றை நுரையீரலோடு கரடி வெகுதூரம் போய்விடும். ஏறுமுன் முழு உடல் பாதுகாப்புப் பட்டி. துவக்கை ரவை இல்லாமல் கயிற்றில் கட்டி, ஏறிய பிறகு இழுத்தெடுக்க வேண்டும்.

* * *

மேலே எழுதிய அண்ணை காற்றை விட்டுவிட்டார். பெரிய கரடி நேரே பீப்பாய்க்கு வராது. காற்று வீசிப்போகும் பக்கமாகச் சுற்றி, மோப்பம் பிடித்துவிட்டுத்தான் வரும். பீப்பாயிலிருந்து உங்கள் முகத்துக்கு காற்று வர வேண்டும். பின்னேரம் குளிரத் தொடங்கியதும் காற்று பள்ளத்தை நோக்கி இறங்கும் என்பதையும் மறக்க வேண்டாம். பரணுக்குக் கீழ்ப்பக்கம் சதுப்பு இருந்தால் உங்கள் வாடை நேரே அங்கே போகும், கரடியும் பெரும்பாலும் அங்கேயிருந்துதான் வரும். நல்ல முகாம்காரர் (வேட்டை முகாம் நடத்துபவர்) ஓராளுக்கு இரண்டு இரையிடமாவது வைத்திருப்பார். காற்று பிழைத்தால் இடத்தை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். காசு கட்டி வந்தவர்கள் இதைக் கேட்கக் கூச்சப்பட்டே இரண்டு மூன்று பின்னேரத்தை வீணாக்குகிறார்கள்.

வழிகாட்டி நாலுசில்லு வண்டியில் கொண்டுபோய் இறக்கி, பீப்பாயை நிரப்பி, அதே வண்டியில் திரும்பிப் போவார். தூரத்தில் நிற்கிற கரடி அந்தச் சத்தத்துக்குப் பழகியிருக்கும்: வண்டி போனால் சாப்பாடு வந்துவிட்டது, ஆளும் போய்விட்டது. அதனால் பாதியில் இறங்கி நடந்து வந்து காத்திருக்க வேண்டாம். வண்டி வரும்வரை பரணிலேயே இருங்கள்.

பின்னேரம் மூன்று நாலு மணிக்கு ஏறினால் சூரியன் மறைந்து அரை மணி வரை இருக்கலாம், சட்டப்படி அதுதான் எல்லை. கடைசி ஒரு மணித்தியாலம்தான் நேரம். அந்த நேரத்தில் இருமலும் பிஸ்கட் பை சரசரப்பும் ஆகாது.

* * *

குட்டிகளைப் பற்றி யாரும் எழுதவில்லையே? இளவேனிலில் குட்டியையோ குட்டியோடு நிற்கும் தாயையோ சுட்டால் 25,000 டொலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை. சிக்கல் என்னவென்றால், தாய் குட்டிகளை இருபது முப்பது மீற்றர் பின்னால் ஒரு மரத்தில் ஏற்றிவிட்டுத் தனியே வரும். பார்த்தால் ஒற்றைக் கரடி. பொறுத்துப் பாருங்கள்: அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்க்கிறதா, தொண்டைக்குள் உறுமிக் கூப்பிடுகிறதா, பின்னங்கால்களில் எழும்பும்போது முலை வடிவாகத் தெரிகிறதா? பத்துப் பதினைந்து நிமிஷம் பார்த்துவிட்டும் சந்தேகம் இருந்தால் அந்தக் கரடி போகட்டும். வழிகாட்டியின் தானியங்கிக் கமெராப் படங்களை மதியமே பார்த்துவிட்டால், எந்தத் தாய் எந்த இரையிடத்துக்கு வருகிறது என்று முன்கூட்டியே தெரியும்.

கரடியின் அளவை அறியக் காதைப் பாருங்கள். நெட்டையாய், தலை உச்சியில் நெருங்கி நிற்கிற காதென்றால் சின்னது. சிறிதாய், தலையின் இரு பக்கத்திலும் விலகி இருந்தால் பெரியது. நிமிர்த்தி வைத்த பீப்பாய் கிட்டத்தட்ட 88 செ.மீ. உயரம்; நாலு காலில் நிற்கும்போது முதுகு அதன் விளிம்புக்கு வந்தால் யோசிக்கவே வேண்டாம், பெரிய ஆண் கரடி.

சின்னக் கரடி சிலவேளை பரண் மரத்திலேயே ஏறும். ஆர்வம்தான், கோபமில்லை. எழும்பி நின்று உரத்துப் பேசினால் இறங்கிவிடும். பல்லை அடித்துச் சத்தம் போடுவதும் மூச்சைப் பலமாக ஊதுவதும் பயத்தின் அடையாளம்.

* * *

வெடி வைக்கும் இடம்: முன்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் உயரத்தில் பாதி, அல்லது அதற்குக் கொஞ்சம் கீழே. வயிற்றுக்குக் கீழே தொங்குவது வெறும் உரோமம், அதையும் உடம்பென்று கணக்கெடுத்தால் ரவை கீழே போய்விடும். உங்கள் பக்கத்து முன்கால் முன்னே போகும்வரை பொறுக்க வேண்டும். தலை, கழுத்து, நேர்முகம் மூன்றும் வேண்டாம். .308, .30-06 வகைத் துவக்கு தாராளம், ரவை 165 முதல் 180 கிரெய்ன் எடை, உடையாத வகை. ஏனென்றால் இரண்டு பக்கமும் துளை வேண்டும். கொழுப்பு துளையை அடைக்கும், மிச்ச இரத்தத்தை உரோமம் உறிஞ்சும். ஒற்றைத் துளை என்றால் நிலத்தில் ஒரு துளியும் விழாமல் ஐம்பது மீற்றர் போகலாம்.

வெடித்ததும் இறங்கக் கூடாது. கடைசியாக எந்த மரத்தடியில் மறைந்தது என்று குறித்துவைத்து, காது கொடுங்கள். நுரையீரலில் பட்ட கரடி சாகும்போது சிலவேளை நீளமாக ஊளையிடும். கேட்டாலும் அரை மணி பொறுக்க வேண்டும். தேடிப் போவது வழிகாட்டியோடு மட்டும். பரணை விட்டு இறங்கினாலே செம்மஞ்சள் மேலங்கியும் தொப்பியும் கட்டாயம்.

* * *

பிறகுதான் உண்மையான அவசரம். மே மாத இரவு எவ்வளவு குளிராகத் தெரிந்தாலும் கரடியின் கொழுப்பும் உரோமமும் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். உடனே குடலை எடுத்து, வயிற்றுக்குள் ஐஸ் பைகளை வைத்து, அன்றிரவே தோலை உரிக்க வேண்டும். பிந்தினால் பதப்படுத்தும்போது உரோமம் கொத்துக்கொத்தாகக் கழரும். தோலை உறையவைப்பதென்றால் உப்புப் போடாதீர்கள். உப்புப் போட்ட தோல் வடிவாக உறையாது. தசைப்பக்கம் தசைப்பக்கத்தோடு சேரும்படி மடித்துச் சுருட்டுங்கள்.

இறைச்சியை உறையவைத்தால் புழு செத்துவிடும் என்று சொல்கிற முகாம்காரர்கள் இப்போதும் இருக்கிறார்கள். பன்றிக்கு அது சரி. கரடித் தசையில் இருக்கிற டிரிக்கினெல்லா நேட்டிவா என்ற புழு குளிரைத் தாங்கும். சஸ்கட்செவன் மாகாணத்தின் வடக்கில் எடுத்த கரடி, 45 நாள் உறைநிலையில் கிடந்த பிறகு, 2022இல் அமெரிக்காவில் ஒரு குடும்ப ஒன்றுகூடலில் கபாப் ஆனது. ஆறு பேருக்கு நோய். அவர்களில் இரண்டு பேர் இறைச்சியைத் தொடவேயில்லை, அதோடு வெந்த மரக்கறியை மட்டும் சாப்பிட்டவர்கள். கரடி இறைச்சி இயல்பிலேயே கறுத்தது, நிறத்தைப் பார்த்து வெந்ததா என்று சொல்ல முடியாது. வெப்பமானியைக் குத்தி நடுவில் 74 பாகை செல்சியஸ் வர வேண்டும். எலும்போடு குழம்பு வைத்து இரண்டு மணித்தியாலம் வேகவிடுவது எங்கள் சமையலுக்கு வடிவாகப் பொருந்தும். வெட்டின பலகையையும் கத்தியையும் சலாட்டுக்கு எடுக்காதீர்கள்.

* * *

கடதாசி வேலை. ஒன்ராறியோவில் வசிப்பவருக்கு வழிகாட்டி கட்டாயமில்லை. வெளியிலிருந்து வருபவர் உரிமம் பெற்ற முகாம்காரர் ஊடாகத்தான் வரலாம், நெருங்கிய உறவினர் இங்கே இருந்தால் மட்டும் விலக்கு உண்டு. அமெரிக்காவிலிருந்து துவக்கு கொண்டுவருபவர் எல்லையில் கொடுக்கும் பத்திரத்தில் முன்பே கையெழுத்து வைக்கக் கூடாது, அதிகாரி முன்னால்தான். அது 60 நாளுக்குச் செல்லும்.

பித்தப்பையை மருந்துக்குக் கொண்டுவரச் சொல்லி யாராவது கேட்டால் முடியாது என்று சொல்லுங்கள். உடலிலிருந்து பிரித்த கரடிப் பித்தப்பையை வைத்திருப்பதே ஒன்ராறியோவில் குற்றம். வேட்டை அறிக்கையும் அனுப்ப வேண்டும். ஆறு பின்னேரமும் வெறுங்கையோடு இறங்கினவரும்தான்.