கணக்கு சரியாகப் போடுகிறார்கள், மூலக்கூறு எங்கே இருக்கும் என்று கேட்டால் விழிக்கிறார்கள்: பிளஸ் ஒன் வேதியியலை எப்படி மாற்றி நடத்தலாம்?

தஞ்சை வேதியியல் டீச்சர்:

வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ வேதியியல் எடுக்கிறேன். தமிழ் வழி, ஒரு வகுப்பில் ஐம்பதுக்கு மேல் பிள்ளைகள். வாயு நிலைமை பாடத்தில் கணக்கு கொடுத்தால் முக்கால்வாசிப் பேர் சரியாகப் போட்டுவிடுகிறார்கள். போன வாரம் கணக்கை விட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டேன். மூடிய குடுவையில் காற்று இருக்கிறது, அதைப் புள்ளிகளாக வரையுங்கள், பிறகு பாதிக் காற்றை உறிஞ்சி வெளியே எடுத்துவிட்டோம், இப்போது வரையுங்கள் என்றேன். நன்றாக மார்க் எடுக்கிற பிள்ளைகளே குடுவையின் கீழ்ப்பாதியில் மட்டும் புள்ளி வைத்து மேல்பாதியைக் காலியாக விட்டிருந்தார்கள். வாயு கொள்கலம் முழுவதும் பரவும் என்று அதே பிள்ளைகள் இரண்டு மதிப்பெண் கேள்விக்கு அழகாக எழுதுவார்கள்!

இதைப் பார்த்ததிலிருந்து மனசு ஒப்பவில்லை. வீடியோ போடு, விளையாட்டாக நடத்து, வீட்டில் பாடத்தைப் பார்த்துவிட்டு வகுப்பில் பயிற்சி செய்யச் சொல் என்று பயிற்சி வகுப்புகளில் நிறைய சொல்கிறார்கள். இந்தப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வீட்டில் தனியாக ஒரு போன் கிடையாது. நிஜ வகுப்பில் செய்து பார்த்தவர்கள், எது உண்மையாகவே பிள்ளைகளின் புரிதலை மாற்றியது என்று சொல்லுங்கள். ஒரு பீரியட் 40, 45 நிமிடம்தான், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

முக்கோணம்:

கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன், ஆசிரியர் பயிற்சிக்கும் போவதுண்டு. மேடம், நீங்கள் பார்த்தது உங்கள் வகுப்பில் மட்டும் உள்ள விஷயம் இல்லை. 1987இல் அமெரிக்காவில் நரென்பெர்ன், பிக்கரிங் என்ற இருவர் கல்லூரி முதலாண்டு மாணவர்களிடம் ஏறத்தாழ இதையேதான் செய்து பார்த்தார்கள். வாயு விதிக் கணக்கு ஒன்று, அதோடு ஒரு படக்கேள்வி: எஃகு உருளையில் 20 டிகிரி செல்சியஸில் ஹைட்ரஜன் வாயு, அதை மைனஸ் 20 டிகிரிக்குக் குளிர்வித்தால் மூலக்கூறுகள் எப்படிப் பரவியிருக்கும்? ஹைட்ரஜன் திரவமாக மைனஸ் 253 டிகிரி வரை போக வேண்டும், அதனால் மைனஸ் 20இலும் வாயுதான், உருளை முழுக்கத்தான் இருக்கும். கணக்கைச் சரியாகப் போட்டவர்களில் பலர் இந்தப் படத்தில் தவறினார்கள். கணக்கு போட வருவதும் வேதியியல் புரிவதும் ஒன்றல்ல என்பதை அந்தச் சின்ன ஆய்வு மேசைமேல் போட்டு உடைத்துவிட்டது.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு கிளாஸ்கோ பல்கலைக்கழகத்து அலெக்ஸ் ஜான்ஸ்டன் சொன்ன விளக்கம்தான் இன்றைக்கும் எனக்குப் பிடித்தது. வேதியியல் மூன்று தளத்தில் நடக்கிறது. கண்ணால் பார்ப்பது ஒன்று, கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஒன்று, நாம் எழுதும் குறியீடும் சமன்பாடும் ஒன்று. உப்பு தண்ணீரில் கரைகிறது, சோடியம் அயனியையும் குளோரைடு அயனியையும் நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்கின்றன, பலகையில் அம்புக்குறி போட்டு ஒரு வரி எழுதுகிறோம். பல வருடம் நடத்திப் பழகிய நாம் ஒரே வாக்கியத்தில் இந்த மூன்றுக்கும் தாவிவிட்டு வருவோம். முதல் தடவை கேட்கிற பிள்ளையால் அத்தனையையும் ஒரே நேரத்தில் தலையில் வைத்துக்கொள்ள முடியாது, அதனால் எழுதத் தெரிந்த குறியீட்டை மட்டும் பிடித்துக்கொள்கிறது. பரீட்சையும் அதைத்தான் கேட்கிறது.

அதனால் புதிய முறை என்று எதை எடுத்தாலும், துகளை வரைய வைக்கிறதா என்று முதலில் பாருங்கள். இன்னொன்று, நேரம் அதிகம் கேட்காதது: ஹார்வர்டில் எரிக் மாசூர் 1991இல் இயற்பியல் வகுப்பில் தொடங்கியது, வேதியியலுக்கும் அப்படியே பொருந்தும். ஒரு கேள்வி, நான்கு விடை. ‘கொதிக்கும் தண்ணீரில் வரும் பெரிய குமிழிக்குள் என்ன இருக்கிறது? காற்றா, ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமா, நீராவியா, வெறும் வெப்பமா?’ பேசாமல் ஆளுக்கு ஒரு விடை, விரல் காட்டினால் போதும். முப்பதிலிருந்து எழுபது சதவீதம் வரை சரியாகச் சொன்னால் விடையைச் சொல்லாமல், பக்கத்தில் வேறு விடை சொன்னவரோடு பேசச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி விரல். முப்பதுக்குக் கீழே என்றால் அவர்களுக்குள் பேச வைத்துப் பயனில்லை, நீங்கள் நடத்த வேண்டும். குமிழிக் கேள்விக்கு ‘ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்’ என்று எத்தனை விரல் எழுகிறது என்று பாருங்கள். கொதிப்பதற்கும் நீர் சிதைவதற்கும் வித்தியாசம் தெரியாமலே பிணைப்பு பாடத்துக்கு வந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும்.

துளி லேப்:

நானும் அரசுப் பள்ளிதான் டீச்சர், சேலம் பக்கம். மேலே சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வரைவது முக்கியம்தான், ஆனால் எதைப் பார்த்து வரைவது? எங்கள் லேபில் டெமோ காட்டினால் முன்வரிசை பார்க்கும், பின்வரிசை முன்வரிசையின் முதுகைப் பார்க்கும். அதனால் துளி அளவில் செய்கிறேன். ஏ4 தாளில் வட்டங்கள் வரைந்து நகலெடுத்து, மேலே ஒளிபுகும் பிளாஸ்டிக் உறையைப் போட்டுவிட்டால் அதுதான் சோதனைக்குழாய். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு துளி இது, ஒரு துளி அது. காப்பர் சல்பேட் துளியில் நீர்த்த அம்மோனியா ஒரு துளி விட்டால் வெளிர்நீல வீழ்படிவு, இன்னும் இரண்டு மூன்று துளி விட்டால் அது கரைந்து கருநீலம். முடிந்ததும் துணியால் துடைத்தால் சரி. அமிலம், காரம் எல்லாம் நீர்த்ததுதான், அடர் அமிலத்தை இந்த முறையில் தொடவே மாட்டேன். துளிதானே என்று கண்ணாடி போடாமல் இருக்கவும் விடமாட்டேன், கண்ணுக்கு ஒரு துளியே போதும்.

இது நம் கண்டுபிடிப்பு இல்லை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் போடன் கல்லூரியில் கரிம வேதியியல் ஆய்வகத்தின் காற்று கெட்டுப்போவதைக் குறைக்கவே அளவைச் சுருக்கினார்கள். பிறகு தென்னாப்பிரிக்காவில் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் ஜான் பிராட்லி குழுவினர் ஆய்வகமே இல்லாத பள்ளிகளுக்குக் கையடக்கப் பெட்டியாக இதைக் கொண்டுபோனார்கள். நம் பள்ளிகளுக்கு இரண்டாவது காரணம்தான் ரொம்பப் பொருத்தம்.

உங்கள் குடுவைப் படத்துக்கு நேரடியாக உதவுகிற ஒன்று சொல்கிறேன். பெட்ரி தட்டிலோ பிளாஸ்டிக் உறையிலோ ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக ஒரு நீர்க்குட்டை வையுங்கள். ஒரு ஓரத்தில் காப்பர் சல்பேட் படிகம் ஒன்று, எதிர் ஓரத்தில் சலவை சோடா துணுக்கு. யாரும் கலக்கக் கூடாது, ஆட்டக் கூடாது. கொஞ்ச நேரத்தில் நடுவில் நீலப்பச்சைக் கோடு ஒன்று விழும். இரண்டு பக்கமும் திடப்பொருள் இருந்த இடத்தில் இருக்க, நடுவில் எப்படி வீழ்படிவு வந்தது என்று கேட்டுவிட்டு வரையச் சொல்லுங்கள். அயனிகள் தானாக நகராமல் இந்தப் படத்தை வரையவே முடியாது, அவர்களே அந்த இடத்துக்கு வந்துசேர்வார்கள்.

லீ சாட்லியர் தத்துவத்துக்கும் (சமநிலையில் இருக்கிற வினையைக் குலைத்தால், அந்த மாற்றத்தைக் குறைக்கும் பக்கம் அது நகரும் என்பது) ஒன்று இருக்கிறது. சர்க்கரை இல்லாத சாதா சோடா, அதில் மெத்தில் ரெட் என்ற நிறங்காட்டி சில துளி, ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் கொஞ்சம் எடுத்து முனையை அடைத்துக்கொண்டு பிஸ்டனை வெளியே இழுங்கள். அழுத்தம் குறைகிறது, கார்பன் டை ஆக்சைடு குமிழியாக வெளியேறுகிறது, கரைசலின் அமிலத்தன்மை குறைந்து சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் நகர்கிறது. பலகையில் அழுத்தம் கூடினால் எந்தப் பக்கம் என்று மனப்பாடம் செய்த பிள்ளை, தன் கையால் இழுத்து நிறம் மாறுவதைப் பார்க்கிறது. நிறங்காட்டிக்குக் காசில்லை என்றால் அமில, கார சோதனைக்கு சங்குப்பூச் சாறு போதும். அமிலத்தில் இளஞ்சிவப்பு, காரத்தில் பச்சை, பள்ளி வேலியிலேயே கிடைக்கும்.

டைட்ரேஷனை (செறிவு தெரிந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னொன்றின் செறிவைக் கண்டுபிடிப்பது), பியூரெட் என்ற அளவுக் கண்ணாடிக் குழாய்க்குப் பதில் 1 மில்லி சிரிஞ்சில் செய்யலாம், 0.01 மில்லி வரை கோடு இருக்கும். பியூரெட் அளவுக்குத் துல்லியம் வராது, செய்முறைத் தேர்வுக்குப் பியூரெட்டில்தான் பழக்க வேண்டும். ஆனால் பிள்ளைக்கு ஒரு சிரிஞ்சு கையில் கொடுக்கலாம், பியூரெட்டைக் கொடுக்க முடியாது.

பி.எஸ்சி. இரண்டாமாண்டு:

நான் படிக்கிற பக்கத்திலிருந்து சொல்கிறேன் டீச்சர், இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். வீடியோவும் சிமுலேஷனும் சும்மா ஓடவிட்டால் வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விடுவோம். எங்கள் மேடம் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் சிமுலேஷன்களைப் போடுவார்கள், ஆனால் பட்டனை அழுத்துவதற்கு முன் அடுத்து என்ன நடக்கும் என்று நோட்டில் எழுத வைப்பார்கள், காரணத்தோடு. எழுதியது தப்பாகப் போனால்தான் ஏன் என்று மண்டை குடையும், அந்தக் கேள்வியோடு அதை மறுபடி ஓட்டும்போதுதான் கண் சரியான இடத்துக்குப் போகும். அது இலவசம், அதைத் தொடங்கிய இயற்பியலாளர் கார்ல் வீமன் நோபல் பரிசு வாங்கியதற்கு அடுத்த வருடம், 2002இல் தொடங்கியது, நிறைய சிமுலேஷன்களைத் தரவிறக்கி நெட் இல்லாமலும் ஓட்டலாம். ஹைடெக் லேப் இருக்கிற பள்ளி என்றால் இது போதும், பிள்ளைகளிடம் போன் தேவையில்லை.

இன்னொன்று, தயவுசெய்து பிளஸ் ஒன்னிலேயே சொல்லிவிடுங்கள். பிணைப்பு உடைந்தால் ஆற்றல் வெளிவரும் என்று எங்கள் வகுப்பில் இன்னும் பாதிப் பேர் நம்புகிறார்கள். உயிரியலில், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறில் ஆற்றல் மிகுந்த பிணைப்பு என்று படித்ததும் அது இன்னும் உறுதியாகிவிடுகிறது. ஒரு கணக்கு போட்டால் போதும்: ஹைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்களுக்கு இடையே உள்ள பிணைப்பை உடைக்க மோலுக்கு 436 கிலோஜூல், குளோரின் மூலக்கூறின் பிணைப்பை உடைக்க 242, மொத்தம் 678 நாம் கொடுக்க வேண்டும். இரண்டு ஹைட்ரஜன் குளோரைடு பிணைப்பு உருவாகும்போது தலா 431, ஆக 862 வெளியே வருகிறது. மிச்சம் 184தான் வெப்பமாக நமக்குத் தெரிகிறது. உடைக்கச் செலவு, சேர வரவு. இதைப் படமாக வரைந்து காட்டியிருந்தால் வெப்ப இயக்கவியல் பாடமே வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்:

எல்லாரும் சொன்னது நல்ல விஷயங்கள். ஆனாலும் ஒரு எச்சரிக்கை சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், ஆசிரியர் ஓரமாக நிற்கட்டும் என்று போய்விடக் கூடாது. 2006இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற கல்வி உளவியலாளர்கள் மூவரும் எழுதிய கட்டுரை இதைத்தான் அடித்துச் சொல்கிறது: புதிதாகப் படிக்கிறவருக்கு வழிகாட்டல் குறைவாக இருந்தால் தலையில் சுமை கூடி எதுவும் நிற்காது. செய்து காட்டிய கணக்கு முதலில் வேண்டும், அப்புறம் பாதி செய்த கணக்கு, அப்புறம் தனியாக. அயனிகளின் பெயரும் மின்சுமையும் விரல் நுனியில் இல்லாத பிள்ளை துளியைப் பார்த்து என்ன வரையும்? மனப்பாடம் என்றாலே பாவம் என்று பேசுகிற இந்தக் காலத்தில் இதைச் சொன்னால் பழைய ஆள் என்பார்கள். சொல்லட்டும். முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற பிள்ளைக்கு வழிகாட்டாமல் விடுவது அநியாயம்.

முக்கோணம்:

ஐயா சொல்வதை முழுவதும் ஏற்கிறேன். மாசூர் முறையிலும் ஆசிரியர் ஓரமாக நிற்பதில்லை, கேள்வியைத் தேர்ந்தெடுப்பதே பெரிய வழிகாட்டல். குழுவாகச் செய்ய விரும்பினால் போகில் என்ற முறையைப் பாருங்கள், 1994இல் பென்சில்வேனியாவில் பிராங்க்ளின் அண்ட் மார்ஷல் கல்லூரியில் வேதியியலுக்காகவே உருவானது. மூன்று நான்கு பேர் குழு, ஒருவர் நடத்துபவர், ஒருவர் எழுதுபவர், ஒருவர் வகுப்புக்குச் சொல்பவர். கையில் வெற்றுத்தாள் இருக்காது. படமோ அட்டவணையோ கொடுத்து, முதல் கேள்வி அதிலேயே பார்த்து எழுதக்கூடியது, அடுத்தது யோசிக்க வைப்பது, கடைசியில்தான் விதியின் பெயர் வரும். ஐயா சொன்ன படிப்படியான வழிகாட்டல் அந்தத் தாளுக்குள்ளேயே இருக்கிறது. ஐம்பது பேர் வகுப்பில் தினமும் முடியாது, ஒரு பாடத்துக்கு ஒரு தடவை செய்தால் போதும்.

தஞ்சை வேதியியல் டீச்சர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஐயா, உங்கள் கவலைதான் எனக்கும், அதனால் கணக்குப் பயிற்சியைக் குறைக்கப்போவதில்லை. திங்கள்கிழமை குமிழிக் கேள்வி, புதன்கிழமை நீர்க்குட்டை என்று வைத்துக்கொள்கிறேன். தம்பி சொன்ன 436, 242 கணக்கு அப்படியே கரும்பலகைக்குப் போகிறது. ஒரே சந்தேகம்: ஐம்பது பேர் வரைந்த படத்தை எப்படித் திருத்துவது? ஒவ்வொன்றாகப் பார்த்தால் பீரியட் முடிந்துவிடும்.

துளி லேப்:

திருத்தவே வேண்டாம் டீச்சர், மார்க்கும் போட வேண்டாம், மார்க் என்றால் பக்கத்து நோட்டைப் பார்த்துத்தான் வரைவார்கள். வரையும்போது வரிசைக்குள் நடந்து, ஒன்றுக்கொன்று மாறுபட்ட மூன்று படத்தைக் கண்ணில் குறித்துக்கொண்டு, பெயர் சொல்லாமல் நீங்களே பலகையில் வரையுங்கள். இதில் எது நடந்திருக்கும், ஏன் என்று கேட்டால் மிச்சத்தை வகுப்பே பேசிக்கொள்ளும், சரியான படத்தைக் கடைசியில் எல்லாரும் நோட்டில் ஒரு தடவை வரைந்தால் போதும். நீர்க்குட்டைக்குப் படிகத்தைப் பொட்டுக்கடலை அளவுக்கு மேல் எடுக்காதீர்கள், பெரிதாகப் போட்டால் குட்டை முழுக்க நீலமாகி நடுக்கோடு தெரியாது. காப்பர் சல்பேட் கழிவை வாஷ்பேசினில் ஊற்றாமல் ஒரு டப்பாவில் சேர்த்துவையுங்கள்.