‘ரெண்டு வண்டி’ குழு: நாளைக்கு ப்ரூவரியில நிக்கிறோமா இல்லையா?

கார்த்தி: எல்லாரும் பாருங்க. நாளைக்குப் போற வழியில, அந்தச் சின்ன ஊர்ல ஒரு கிராஃப்ட் ப்ரூவரி இருக்கு, சின்ன அளவுல பீர் காய்ச்சுற இடம். மெயின் ரோட்டுல இருந்து 6 கிலோமீட்டர் உள்ள. நிக்கணுமா வேண்டாமானு ராத்திரிக்குள்ள சொல்லுங்க.

தீபன்: நிக்கணும்

தீபன்: கட்டாயம் நிக்கணும்

செல்வி: ரூம் மூணா நாலா? முதல்ல அதை முடிங்கப்பா

பெரியப்பா: எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம்?

கார்த்தி: 9-க்குக் கிளம்பினா 12 பெரியப்பா

ரகு மாமா: கார்த்தி, மேப்ல போட்டிருக்கிற நேரத்தை நம்பிக் கிளம்பாதே. சின்ன ஊர் ப்ரூவரின்னா மொத்தமே ரெண்டு மூணு பேர்தான் இருப்பாங்க. பீர் காய்ச்சுறவரேதான் கிளாஸ்ல ஊத்திக் குடுப்பார், அவரேதான் கேக்கையும் கழுவுவார். ஒருத்தருக்குக் காய்ச்சல்னா கதவு திறக்காது. போன் போட்டு நாலு விஷயம் கேளு. நாளைக்குக் காய்ச்சுற நாளா? மேஷ், அதான் தானியத்தைச் சுடுதண்ணில ஊற வைக்கிறது, எத்தனை மணிக்கு? உள்ள வந்து பார்க்கலாமா? க்ரௌலர், அதான் பீர் கொண்டு போற ஜாடி, நிரப்பித் தருவாங்களா? இந்த நாலுக்கும் பதில் தெரியாம 6 கிலோமீட்டர் திரும்ப வேண்டாம்.

தீபன்: கேக்கா?

ரகு மாமா: பர்த்டே கேக் இல்லடா. பீர் ட்ரம். கெக்.

சுமதி அத்தை: ஆரம்பிச்சாச்சு

கார்த்தி: பேசிட்டு வரேன்

செல்வி: ரூம்???

வித்யா: மூணு போதும் சித்தி. நானும் அத்தையும் ஒண்ணா படுத்துக்கறோம்.

பெரியப்பா: அப்ப ரகு என்கூடவா? குறட்டை.

சுமதி அத்தை: அண்ணே, குறட்டை ரெண்டு பக்கமும் இருக்கு

கார்த்தி: பேசிட்டேன். நாளைக்குக் காய்ச்சுற நாள்தானாம். 1000 லிட்டர் செட்டப். காலைல 8-க்கு மேஷ். வரதுன்னா வாங்க, ஆனா குறுக்க நிக்காதீங்கன்னார். பீர் ஊத்திக் குடுக்கற டேப் ரூம் 12-க்குத் திறப்பாங்க. க்ரௌலர் உண்டு.

ரகு மாமா: அருமை. அப்ப 12-க்குப் போகக் கூடாது, 11.30-க்கு உள்ள இருக்கணும். ஏன்னு சொல்றேன். 8-க்கு மேஷ்னா, உடைச்ச மால்ட்டை, அதான் முளைகட்டிக் காய வச்ச பார்லியை, சுடுதண்ணில போட்டு 65-ல இருந்து 68 டிகிரிக்குள்ள ஒரு மணி நேரம் ஊற வைப்பாங்க. மாவுச்சத்து சர்க்கரையா மாறுறது அப்பதான். 62, 63 பக்கம் வச்சா ஈஸ்ட் முழுசா தின்னுடும், பீர் லேசா வறண்டு இருக்கும். 69, 70 பக்கம் போனா நாக்குல கனம் நிக்கும். அப்புறம் வடிகட்டி, மேல தண்ணி தெளிச்சு மிச்ச சர்க்கரையை இறக்க ஒன்றரை ரெண்டு மணி நேரம். அந்தத் தண்ணி 78 டிகிரியைத் தாண்டினா உமியில இருந்து துவர்ப்பு இறங்கிடும். இதை அவசரப்படுத்தினா உமிப் படுக்கை அமுங்கி அடைச்சுக்கும், ஒரு சொட்டு வடியாது. அந்த நேரத்துல போய்ப் பேச்சுக் குடுத்தா யாருக்கும் எரிச்சல்தான் வரும். கொதி ஏறறப்ப 11.15 ஆகிடும். முதல் 15 நிமிஷம் பால் பொங்குற மாதிரி பொங்கும், கண்ணை எடுக்க முடியாது. அது அடங்கின பிறகு 11.30-ல இருந்து 12.15 வரைக்கும்தான் அவர் கொஞ்சம் ஓய்வா நிப்பார். கேள்வி கேக்குறதுன்னா அப்ப கேக்கணும்.

தீபன்: 👍

பெரியப்பா: 8.30-க்குக் கிளம்பணும்னு ஒரு வரில சொல்லிருக்கலாம் மாப்ளே

செல்வி: 8.30 முடியாது. ரூமைக் காலி பண்ணி, டிஃபன் முடிச்சு, மாத்திரைப் பையைத் தேடி

வித்யா: மாத்திரைப் பை என்கிட்ட இருக்கு சித்தி

செல்வி: அப்பாடா. நேத்துல இருந்து தேடறேன்

கார்த்தி: டைகரைக் கூட்டிட்டுப் போலாமா மாமா? வெளிய புல்வெளி இருக்கு, நாய் வரலாம்னார்.

ரகு மாமா: வெளிய மட்டும். உள்ள கட்டாயம் வேண்டாம். ஹாப்ஸ்னா பீருக்குக் கசப்பும் வாசனையும் குடுக்கற ஒரு கொடியோட பூ. கொதிச்சு முடிச்ச ஹாப்ஸ் சக்கையை வாளியில அள்ளி ஓரமா வச்சிருப்பாங்க. அதுல இனிப்பு ஒட்டிக்கிட்டிருக்கும், நாய் மோந்துட்டு நக்க ஆரம்பிச்சிடும். ஹாப்ஸ் நாய்க்கு விஷம். உடம்புச் சூடு விறுவிறுன்னு ஏறும், மூச்சு இரைக்கும், சில மணி நேரத்துல உயிரே போகலாம். மாட்டுக்குப் போடுற மால்ட் சக்கை வேற, இது வேற. நாய் ஹாப்ஸைத் தின்னுச்சுன்னு தெரிஞ்ச நிமிஷமே கால்நடை டாக்டர்கிட்ட ஓடணும், நடுக்கம் வரட்டும்னு காத்திருக்கக் கூடாது.

கார்த்தி: ஐயோ. கயிறு போட்டுக் கையிலயே வச்சிருக்கேன்.

சுமதி அத்தை: நான் குடிக்க மாட்டேன். வெளிய டைகரோட உக்காந்துக்கறேன்.

ரகு மாமா: நீ உள்ள வா சுமதி. குடிக்காதவங்களுக்குத்தான் அங்க நிறைய இருக்கு. நாலு மால்ட் மணியை வாயில போட்டு மெல்லு. வெளிர் நிறத்தது பிஸ்கட் மாதிரி, கருப்பா வறுத்தது காபிக்கொட்டை மாதிரி இருக்கும். ஹாப்ஸ் ஒரு பிடி கேட்டு வாங்கி ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வச்சு நல்லா தேய். மஞ்சளா ஒரு பொடி ஒட்டும், பிசுபிசுன்னு இருக்கும். கசப்பும் வாசனையும் அதுலதான் இருக்கு. கைச்சூடு பட்டதும் எலுமிச்சை, பைன், புல்லுன்னு வகைக்கு ஒரு வாசனை கிளம்பும். ஈஸ்ட் போடாத வொர்ட், அதான் வடிகட்டின இனிப்பு மால்ட் தண்ணி, ஒரு கரண்டி கேளு. ஆறினதும் குடிச்சுப் பாரு, கஞ்சியில சர்க்கரை போட்ட மாதிரி இனிக்கும். சாராயம் துளி இல்ல.

சுமதி அத்தை: சரி வரேன்

செல்வி: அண்ணி சைவம். பீர்ல எதுவும் சேர்ப்பாங்களா?

ரகு மாமா: நல்ல கேள்வி. சில இடத்துல பீரைத் தெளிய வைக்க ஐசிங்கிளாஸ் போடுவாங்க. அது மீனோட காற்றுப்பை. நிறைய பேர் கொதிக்கிறப்பவே கடல்பாசி போட்டுத் தெளிய வச்சிடுவாங்க, அதுல பிரச்சனை இல்ல. கேட்டாத்தான் தெரியும். மில்க் ஸ்டௌட்டுன்னு ஒண்ணு இருந்தா அதுல பால் சர்க்கரை இருக்கும். ஈஸ்ட் அதைத் தின்னாது, அப்படியே தங்கிடும். வயித்துக்குப் பால் ஒத்துக்காதவங்க அதைத் தவிர்க்கணும்.

வித்யா: அது கார்த்திக்கு

கார்த்தி: குழுவுல சொல்லணுமா

பெரியப்பா: நான் ரெண்டே ரெண்டு சின்ன கிளாஸ். அப்புறம் வண்டியை எடுத்துடலாம்.

வித்யா: அப்பா

ரகு மாமா: மச்சான், இந்த ஒரு விஷயத்தை இன்னிக்கே பேசி முடிச்சிடணும். ஓட்டறவங்க ஒரு வாய் கூட வேண்டாம். கணக்கைப் பாருங்க. ஃப்ளைட்டுன்னா ருசி பார்க்கத் தர்ற செட், 120 மில்லில நாலு கிளாஸ். மொத்தம் 480 மில்லி. எல்லாமே 5 சதவீதம்னா 24 மில்லி சாராயம், எடையில 19 கிராம். உடம்பு ஒரு மணி நேரத்துக்கு 7-ல இருந்து 10 கிராம் வரைக்கும்தான் எரிக்கும். அதுவே ரெண்டுல இருந்து மூணு மணி நேரம். காபியும் குளிர்ந்த தண்ணியும் ஒரு நிமிஷம் கூடக் குறைக்காது. கிராஃப்ட்ல 8, 9 சதவீதமெல்லாம் சர்வசாதாரணம், கிளாஸைப் பார்த்தா தெரியவே தெரியாது. ஏ.பி.வி., அதான் சாராய சதவீதம், எவ்வளவுன்னு பலகையில எழுதிருப்பாங்க, அதைப் படிக்காம கையில வாங்காதீங்க. ரெண்டு கிளாஸ்ல ஒண்ணு 9-ஆ இருந்தா உங்க கணக்கு போச்சு.

பெரியப்பா: இருபது வருஷமா வண்டி ஓட்டறேன்

சுமதி அத்தை: அண்ணே, நீங்க சுகர் மாத்திரை வேற சாப்பிடறீங்க

ரகு மாமா: அதையும் சொல்றேன். சாராயம் உள்ள போனா கல்லீரல் அதை எரிக்கத்தான் முதல்ல ஓடும். ரத்தத்துக்குச் சர்க்கரை விடறதை நிறுத்திடும். சில மாத்திரையோடயும் இன்சுலினோடயும் சேர்ந்தா சர்க்கரை அளவு மடமடன்னு இறங்கிடும், அதுவும் வெறும் வயித்துல. வேர்வை, தள்ளாட்டம் எல்லாம் போதை மாதிரியே தெரியும், பக்கத்துல இருக்கறவங்க கவனிக்கவே மாட்டாங்க. உங்க மாத்திரை எந்த வகைன்னு இன்னிக்கே டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க மச்சான். எனக்கு உங்க மேல அக்கறை, அவ்வளவுதான்.

பெரியப்பா: கேக்கறேன்

வித்யா: நான் குடிக்கிறதில்ல. லைசென்ஸ் இருக்கு. நான் ஓட்டறேன்னு கிளம்பற அன்னிக்கே சொன்னேன்.

பெரியப்பா: கிளட்ச் கொஞ்சம் டைட்டும்மா

வித்யா: ரெண்டு வருஷமா அதே கிளட்ச்தான்

தீபன்: போன தடவை பம்பர்

வித்யா: அது நான் இல்ல

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வி: பம்பர் பேச்சை எடுக்காதீங்கன்னு சொல்லிருக்கேன்ல

கார்த்தி: எங்க வண்டிக்கு நான்தான் ஓட்டணும், அதனால நான் தொட மாட்டேன். க்ரௌலர்ல வாங்கி ராத்திரி ரூம்ல குடிச்சுக்கறேன். எப்படிக் கொண்டு போறது மாமா?

ரகு மாமா: பெரிய க்ரௌலர் 1.9 லிட்டர். ரெண்டு விஷயம் பாரு. ஒண்ணு, எப்படி நிரப்பறாங்கன்னு. முதல்ல கார்பன் டை ஆக்சைடு விட்டுக் காத்தை வெளியேத்தி, குழாயை அடி வரைக்கும் விட்டு, கீழ இருந்து மேல நிரப்பி, நுரை மேல மூடியைப் போட்டா ஃப்ரிட்ஜ்ல நாலஞ்சு நாள் தாங்கும். டேப்புக்கு நேரா கீழ பிடிச்சு மடமடன்னு ஊத்தினா காத்து கலந்திடும், சீக்கிரமே நனைஞ்ச அட்டை வாசம் வர ஆரம்பிக்கும். ரெண்டு, சூடு. வெயில்ல நிறுத்தின வண்டிக்குள்ள பீர் சூடேறினா கரைஞ்சிருக்கிற வாயு வெளிய வரும், அழுத்தம் ஏறும், மூடி கக்கும், கண்ணாடின்னா வெடிக்கவே கூட வாய்ப்பிருக்கு. ஐஸ் பெட்டியில வச்சு, டிக்கியில வை. கழுத்து வரைக்கும் நிரப்ப விடாதே, கொஞ்சம் இடம் இருக்கட்டும். பழுப்புக் கண்ணாடி கேளு. பச்சை, வெள்ளைக் கண்ணாடியில வெளிச்சம் பட்டா ஹாப்ஸோட கசப்புப் பொருள் சிதைஞ்சு ஸ்கங்க்னு ஒரு பிராணி விடற மாதிரி நாத்தம் அடிக்கும், வெயில்ல அது நடக்கச் சில நிமிஷம் போதும். வழியில மூடியைத் திறக்காதே, பல ஊர்ல திறந்த பாட்டில் வண்டில இருந்தாலே குத்தம். திறந்தா ஒரு நாளைக்குள்ள முடிச்சிடணும்.

தீபன்: ஒரு நாளா? 1.9 லிட்டரா? பிரச்சனையே இல்ல

செல்வி: டேய்

ரகு மாமா: தீபா, அடையாள அட்டை எடுத்துக்கோ. அந்த ஊர் சட்டத்துல என்ன வயசோ அதுதான். வயசு பத்தலைன்னா வொர்ட்தான் உனக்கு.

தீபன்: 😭

வித்யா: மாமா, குடிக்கறவங்க எதை முதல்ல குடிக்கணும்?

ரகு மாமா: லேசானதுல ஆரம்பிச்சுக் கனமானதுல முடிக்கணும். கசப்பு கூடின ஐ.பி.ஏ.வை முதல்ல குடிச்சா நாக்கு மரத்துப்போகும், பின்னால வர லாகர் தண்ணி மாதிரி தெரியும். புளிப்பும் புகை வாசமும் கடைசி. நடுவுல தண்ணி. செண்ட் போட்டுட்டு யாரும் வராதீங்க, பக்கத்து கிளாஸோட வாசனையும் கெடும். கிளாஸ் வந்ததும் பக்கவாட்டுல பாருங்க. உள்சுவர்ல குமிழி ஒட்டிக்கிட்டு நின்னா கிளாஸ் சரியா கழுவலைன்னு அர்த்தம், வேற கேக்கலாம், தப்பே இல்ல.

ரகு மாமா: இன்னொண்ணு, இது முக்கியம். ஒரு பீர்ல மட்டும் உருக்கின வெண்ணெய் வாசம் வந்தா, ஈஸ்ட் வேலையை முடிக்க விடாம சீக்கிரம் குளிர வச்சுட்டாங்க. எல்லா பீர்லயும் அதே வாசம்னா பீர் மேல தப்பு இல்ல, டேப் குழாயைக் கழுவலை. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழுவணும். வேக வச்ச சோளம் வாசம்னா கொதி பத்தலை, இல்ல ஆற வைக்க நேரம் எடுத்துட்டாங்க. பச்சை ஆப்பிள்னா இன்னும் இளசு. ஆனா கோதுமை பீர்ல கிராம்பும் வாழைப்பழமும் வந்தா குறை சொல்லிடாதீங்க. அது அந்த ஈஸ்ட்டோட குணம், அதுக்காகத்தான் அதைப் போடறாங்க.

தீபன்: ஈஸ்ட் இல்லாம செய்ய முடியாதா

ரகு மாமா: முடியாது. ஆனா 1516-ல பவேரியாவுல போட்ட பீர் சட்டத்துல தண்ணி, பார்லி, ஹாப்ஸ் மூணுதான் இருக்கு, ஈஸ்ட் பேரே இல்ல. 1883-ல கோபன்ஹேகன்ல கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்துல எமில் ஹான்சன் ஒரே செல்லுல இருந்து சுத்தமான ஈஸ்ட்டை வளர்த்தார். அதுக்கு முன்னால ஒரு தடவை நல்லா வரும், அடுத்த தடவை கெட்டுப்போகும், காரணம் பிடிபடாது. தண்ணியையும் கேளுங்க. உப்பு குறைஞ்ச மென்தண்ணி இருந்ததாலதான் 1842-ல பிள்சென்ல அந்த வெளிர் லாகர் அவ்வளவு மெல்லிசா வந்துச்சு. அந்த ஊர்த் தண்ணி எப்படி, அதை என்ன பண்றார்னு கேட்டாலே அவர் முகம் மலர்ந்திடும்.

கார்த்தி: மாமா செருப்பு ஓகேவா

ரகு மாமா: வேண்டாம். மூடின ஷூ. தரை எப்பவும் ஈரம், கழுவற காரத்தண்ணி சிந்தியிருக்கும், தோல்ல பட்டா புண்ணாகும். நொதிக்கிற டேங்கைத் திறந்து காட்டினா தலையை உள்ள விட்டு மோக்காதீங்க. மேல நிக்கிறது கார்பன் டை ஆக்சைடு, மூக்குல ஊசி குத்தின மாதிரி இருக்கும், நிறைய இழுத்தா மயக்கம். கையால விசிறி மோந்தா போதும்.

செல்வி: அப்ப என்னதான் முடிவு? 8.30-ஆ 9-ஆ?

பெரியப்பா: 8.45

ரகு மாமா: 8.45-னா 11.45. பாதிக் கொதி போயிடும்.

செல்வி: காலைல எந்திரிச்சுப் பார்க்கலாம்

வித்யா: அப்பா, சாவி?

பெரியப்பா: டாக்டர் போனை எடுக்கலை

வித்யா: சாவியைக் கேட்டேன்

பெரியப்பா: ப்ரூவரி வரைக்கும் நான் ஓட்டறேன். அங்க போய்ப் பேசிக்கலாம்.

ரகு மாமா: மச்சான், முதல் கிளாஸுக்கு முன்னாடி சாவி வித்யா கையில இருக்கணும்.

சுமதி அத்தை: இன்னொரு சாவி என் பையிலதான் இருக்கு அண்ணே

தீபன்: 😮

கார்த்தி: ரூம் மூணு புக் பண்ணிட்டேன்

செல்வி: நாலுன்னு இப்பதான் பேசிட்டு வந்தேனே