வேர்நுனிச் சுற்றழற்சி: சொல் சரிதானா?

வணக்கம் ஐயா.

‘ஏப்பிக்கல் பெரியோடான்டைட்டிஸ்’ (apical periodontitis) என்ற பல்நோய்க்கு நீங்கள் சொன்ன ‘வேர் அழற்சி’ எளிய சொல்தான், ஆனால் நோயின் இடத்தை மாற்றிக் காட்டுகிறது. சொத்தை ஆழமாய் இறங்கிப் பல்கூழ் (பல்லுக்குள் நரம்பும் இரத்தக்குழாயும் உள்ள மென்திசு) செத்ததும், வேருக்குள் ஓடும் வேர்க்கால்வாயில் குடியேறிய பாக்டீரியாவின் நச்சு வேர்நுனித் துளை வழியே கசிகிறது. புண்படுவது நுனியைச் சுற்றியுள்ள, பல்லை எலும்போடு பிணைக்கும் பல்நாரும் தாடையெலும்பும். வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் “பல்லு தூக்கினு கீது டாக்டர், கீழ்ப்பல்லு பட்டாலே உசுரு போவுது” என்பார்கள். துல்லியமான வருணனை: வீங்கிய நார் பல்லை நூலளவு வெளியே தள்ளியிருக்கும். ஓ.பி. சீட்டில் ‘வேர் அழற்சி’ என்று பார்த்தால் வேரே அழுகிவிட்டதென்று பல்லைப் பிடுங்கச் சொல்வார்கள். ஆகவே ‘சுற்று’ கட்டாயம் வேண்டும். ‘சூழழற்சி’யில் ழகரம் அடுத்தடுத்து வந்து நாக்கு இடறுகிறது. ‘வேர்நுனிச் சுற்றழற்சி’ என்பதே என் பரிந்துரை.

*

சுற்றழற்சி நன்று, அம்மா. ஆனால் மக்கள் வாயில் இருப்பது ‘சீழ்’ அல்லவா? ‘வேர்நுனிச் சீழ்’ போதாதா?

*

போதாது ஐயா. சீழ் இந்நோயின் ஒரு நிலை மட்டுமே. பல பற்களில் சீழும் இல்லை, வலியும் இல்லை; எக்ஸ்ரேயில் நுனியருகே கருநிழல் மட்டும் தெரியும். அதுவும் எலும்பின் தாதுப்பில் 30 முதல் 50 சதவீதம் கரைந்த பிறகே தெளிவாகத் தெரியும். தொடக்கத்தில் படம் சுத்தமாகவே இருக்கலாம். அப்போது கைகொடுப்பவை இரண்டு: குளிர் வைத்தால் பல் உணராது, வாய் பார்க்கும் கண்ணாடியின் கைப்பிடியால் தட்டினால் வலிக்கும். பக்கத்துப் பல்லை முதலில் தட்டி ஒப்பிட வேண்டும்.

இன்னொன்று, சீழ் என்றதும் மாத்திரை கேட்பார்கள். செத்த கூழில் இரத்த ஓட்டம் இல்லை, மருந்து கால்வாய்க்குள் போகாது. காய்ச்சலோ பரவும் வீக்கமோ இருந்தால் மாத்திரை தேவை. அப்போதும் கால்வாயைத் திறந்தே ஆகவேண்டும். எச்சில் படாமல் பல்லைப் பிரிக்கும் ரப்பர் விரிப்பான ரப்பர் டேம் மாட்டி, எக்ஸ்ரேயில் தெரியும் வேர்நுனிக்கு 0.5 முதல் 1 மி.மீ. முன்பே ஃபைலை (கால்வாயைச் சுரண்டும் மெல்லிய அரத்தை) நிறுத்தி, கிருமிகொல்லியான சோடியம் ஹைப்போகுளோரைட்டால் கழுவி, கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளை அடைக்கிறோம். கழுவும் ஊசி சுவரில் இறுகியிருக்கும்போது அழுத்தினால் திரவம் நுனியைத் தாண்டும். நிமிடங்களில் முகம் வீங்கிவிடும். ஊசி தளர்வாக அசைய வேண்டும். எலும்பு நிரம்புவது மெதுவாகத்தான்: ஓராண்டில் படம் எடுக்கிறோம், சிலருக்கு 4 ஆண்டுகள் வரை ஆகும்.

எனவே பொதுப்பெயர் ‘வேர்நுனிச் சுற்றழற்சி’. அதன்முன் ‘அறிகுறியுள்ள’, ‘அறிகுறியற்ற’ என்ற அடைகள். சீழ் கட்டிய நிலைக்கு மட்டும் ‘வேர்நுனிச் சீழ்க்கட்டி’.