ஒரு ஓவா, இரண்டு ஓவா?

தம்பி: காலேஜ் ஆபீஸுக்கு மெயில் அனுப்ப வேண்டும், யாராவது ஒரு தடவை பாருங்களேன். 'ஐ லூஸ் மை ஐடி கார்டு இன் த பஸ்'. லூஸுக்கு இரண்டு ஓ போட்டிருக்கிறேன், சரிதானே?

அக்கா: டேய், இரண்டு ஓ போட்டால் அது கழண்டுபோன லூஸ்

சித்தப்பா: அவன் தன்னைப் பற்றித்தானே எழுதுகிறான், சரியாகத்தான் இருக்கிறது 😂

அம்மா: 'ஐ மிஸ்டு மை ஐடி கார்டு' என்று போட்டுவிடு, வேலை முடிந்தது. எங்கள் ஆபீஸில் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறோம்.

தாத்தா: மிஸ் வேண்டாம்மா. பஸ்ஸை மிஸ் பண்ணலாம், வெளியூரில் இருக்கிற மகளை மிஸ் பண்ணலாம். பர்ஸை மிஸ் பண்ணினேன் என்றால், பர்ஸ் இல்லாமல் ஏங்கிப்போயிருக்கிறான் பாவம் என்று இங்கிலீஷ்காரன் நினைப்பான். தொலைத்ததற்கு லூஸ்தான். எல், ஓ, எஸ், இ. ஒரே ஓ. நடந்து முடிந்துவிட்டதால் 'லாஸ்ட்' என்று எழுதடா, இந்த ஓ தகராறே வராது.

தம்பி: ச்சூஸுக்கு மட்டும் இரண்டு ஓ இருக்கிறதே தாத்தா?

தாத்தா: கேள்வி நியாயம்தான். நோஸ், ரோஸ் மாதிரி எழுதிவிட்டு லூஸ் என்று வாசிக்கச் சொன்னால் எவன் ஒப்புக்கொள்வான்? இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கிடம் நியாயம் கேட்கக் கூடாது. இங்கிலீஷையே தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் இந்த இடத்தில் தப்பு விடுகிறார்கள். ஆனால் அவர்கள் வாயில் இரண்டு லூஸும் ஒரே சத்தம் இல்லை. தொலைக்கிற லூஸ் இசட் சத்தத்தில் முடியும், தேனீ ரீங்காரம் மாதிரி, தொண்டையில் விரல் வைத்துப் பார், அதிரும். தொளதொள லூஸில் பாம்பு சீறுகிற எஸ். நம்மிடம் இசட் சத்தத்துக்கு எழுத்து இல்லை, இரண்டுக்கும் ஸ் போட்டே எழுதிப் பழகிவிட்டோம், காதும் அப்படியே பழகிவிட்டது.

அக்கா: அப்போ லூசு என்று திட்டுவது?

தாத்தா: இரண்டு ஓ. மறை கழண்டவன் என்கிறோமே, அதே ஸ்க்ரூதான். இந்த இரண்டு ஓ லூஸ் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்த சொல், வைக்கிங் ஆட்கள் பேசியது. தொலைக்கிற லூஸ் பழைய இங்கிலீஷிலேயே இருந்தது. ஆக இரண்டும் வந்த வழி வேறு.

சித்தப்பா: மேட்சில் தோற்றால்?

தாத்தா: அதுவும் ஒரே ஓ. நாம் மேட்சில் தோற்போம், சாவியைத் தொலைப்போம், உயிரை இழப்போம், வழி தவறுவோம், உடம்பு இளைப்போம். அவர்களுக்கு எல்லாமே இந்த நாலெழுத்துதான். நீ கடையில் லாஸ் என்று புலம்புகிறாயே, அது மட்டும் பெயர்ச்சொல், கடைசியில் இரண்டு எஸ், இ கிடையாது.

சித்தப்பா: அதை ஏன் இப்போது ஞாபகப்படுத்துகிறீர்கள் 🙏

தம்பி: 'ஐ லாஸ்ட் மை ஐடி கார்டு'. அனுப்பிவிட்டேன்.

அம்மா: அந்தப் பேன்ட் பாக்கெட் லூஸாக இருக்கிறது, கழற்றிக் கொடு, தைத்துத் தருகிறேன் என்று போன வாரமே தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

தாத்தா: அது இரண்டு ஓ.